‘எதுனாலும் சரி’ அண்ணன்

கல்யாண வீட்டில் சண்டை போட்டிருக்கிறேன். காதுகுத்தில் போட்டிருக்கிறேன். பால் காய்ச்சும் வீட்டில்கூட ஒருமுறை குரலை உயர்த்திக் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன். ஆனால் கருமாதி வீட்டுப் பந்தியில், கையில் வடை வாளியைப் பிடித்துக்கொண்டு கத்தியது இதுதான் முதல் தடவை.

போன வாரம். சமயநல்லூரில்.

பஸ் ஏறி பசுமலை வந்து சேரும்வரை என் வீட்டம்மா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தாள். “எழவு வீட்டுக்குப் போயி வடைக்குச் சண்டை போட்ட ஆளு இந்த மதுரை ஜில்லாவுலயே நீங்க ஒருத்தருதான்.”

உண்மைதான். வடைக்குத்தான் சண்டை. நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன், தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள். கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அதனால் இந்த வாரப் பத்தியில் சிரிப்பு கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

இறந்தவர் பெயர் மாரியப்பன். என் பெரியப்பா மகன். எனக்கு மாரி அண்ணன். மதுரையில் கீழமாசி வீதியை ஒட்டி ஒரு லாரி பார்சல் ஆபீஸில் வேலை பார்த்தார். காலையில் சமயநல்லூரில் டவுன் பஸ் ஏறுவார், சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்புவார். மனைவி சரோஜா மதினி, மகன் கணேசன், மகள் வித்யா, தங்கச்சி பஞ்சவர்ணம். அவருடைய உலகம் இவ்வளவுதான். சினிமா கிடையாது, சீட்டு கிடையாது, டீக்கடை பெஞ்சில் அரசியல் கிடையாது. வெளியூர் என்று அவர் போனதெல்லாம் கணேசனைக் காலேஜில் சேர்க்கத்தான்.

அவர் வீட்டுக்குப் போகும் தெரு முனையிலேயே ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். மதுரைப் பக்கம் ஃப்ளெக்ஸ் இல்லாமல் யாரும் பிறக்கவும் முடியாது, போய்ச் சேரவும் முடியாது. ‘குடும்பத்திற்காகவே உருகிய மெழுகுவர்த்தி’ என்று கொட்டை எழுத்து. கீழே கண்ணீர் வடிப்பவர்களின் படங்கள் வரிசையாக... கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கண்ணீர் வடிக்கிற ஒரு மாப்பிள்ளை உட்பட.

நடுவில் மாரி அண்ணன். அவர் தோளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் காதும் கொஞ்சம் சந்தனமும் தெரிந்தன. என்னடா இது என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். பேரனைத் தூக்கி வைத்திருந்த படம். அவரைத் தனியாக எடுத்த படம் ஒன்றுகூட வீட்டில் இல்லையாம். அதனால் பேரனை வெட்டிவிட்டு தாத்தாவை மட்டும் ஒட்டியிருக்கிறார்கள். எவ்வளவு வெட்டியும் பேரனின் காது போகவில்லை.

எனக்கு அங்கேயே சுள்ளென்று ஏறியது. மெழுகுவர்த்தியாம்! மெழுகுவர்த்தி உருகினால் கண்ணுக்காவது தெரியும். இந்த மனிதர் உருகியது பக்கத்தில் படுத்திருந்தவர்களுக்கே தெரியாது. எப்படிச் செத்தார் தெரியுமா?

பேரனுக்கு வாடிப்பட்டியில் காதுகுத்து. வித்யாவின் பிள்ளை. அதற்குக் கொஞ்ச நாள் முன்னாலிருந்தே மாரி அண்ணனுக்கு நெஞ்சில் வலி இருந்திருக்கிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை. வாயு என்று தனக்குத்தானே வைத்தியம் பார்த்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் சோடா வாங்கிக் குடித்திருக்கிறார். இதுவும் பிறகு சோடாக் கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். ‘என்னங்க, வேர்க்குது?’ என்று மதினி கேட்டதற்கு ‘ஒண்ணுமில்ல, வெக்கை’ என்றிருக்கிறார். விசேஷ வீட்டில் நாற்காலி தூக்கிப் போட்டார், பந்தி பார்த்தார், பேரனைத் தூக்கிவைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புதான் ஃப்ளெக்ஸில் இருப்பது. மறுநாள் காலையில் குளிக்கப் போனவர் குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

கருமாதிப் பந்தலில் நான் போய் உட்கார்ந்ததும் காதில் விழுந்த முதல் பேச்சு என்ன?

“கடைசி வரைக்கும் ஒருத்தருக்கும் தொந்தரவு குடுக்கலப்பா. அந்த மாதிரி மனுசன் இனிமே பொறந்துதான் வரணும்.”

சுற்றியிருந்த எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எனக்கு உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வீசலாம் போல இருந்தது. தொந்தரவு கொடுக்கவில்லையாம்! கொடுத்திருக்க வேண்டும் அய்யா! ‘நெஞ்சு வலிக்குது, காதுகுத்தைத் தள்ளி வைங்க’ என்று ஊரையே கூட்டியிருக்க வேண்டும். சமைத்த சோறு வீணாகியிருக்கும். மண்டபத்துக்காரன் முறைத்திருப்பான். மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கியிருப்பார்கள். போகட்டுமே! அவ்வளவு பேருக்கும் தொந்தரவு கொடுத்துவிட்டு இன்றைக்கு ஈசிசேரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார் அல்லவா? அதைச் செய்யாமல் போனதற்குப் பாராட்டுப் பத்திரமா?

சரி, கதைக்கு வருகிறேன்.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. கருமாதியன்று பந்தியில் சைவம்தான். ஆனால் போனவரின் படத்துக்கு முன்னால் ஒரு தலைவாழை இலை விரிப்போம். அந்த இலைக்கு மட்டும் சைவம், அசைவம் கணக்கு கிடையாது. போனவருக்கு உயிரோடு இருந்தபோது எது உயிரோ, அது அந்த இலைக்கு வரவேண்டும். அதைப் படைத்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சாப்பாடு. இன்னொன்று. படையலுக்குச் சமைப்பதை யாரும் ருசி பார்க்கக் கூடாது. உப்பு, உறைப்பு எல்லாம் கைக்கணக்குதான். முதலில் போனவர் சாப்பிட வேண்டும்.

பெரியப்பா, அதாவது மாரி அண்ணனின் அப்பா, இறந்தபோது அந்த இலையில் கருவாட்டுக் குழம்பும் ஒரு சுருட்டும் வைத்தோம். சுருட்டு என்றால் ஏதோ ஒரு சுருட்டு இல்லை. அவர் பிடிக்கிற காட்டமான ரகம் வாடிப்பட்டிச் சந்தைப் பக்கம் ஒரு கடையில்தான் கிடைக்கும். மொட்டைத் தலையோடு பஸ் ஏறிப் போய் அதை வாங்கி வந்தவர் மாரி அண்ணன்தான். பெரியம்மாவுக்குப் பருத்திப்பால். கடையில் போய் நின்று, ‘அம்மாவுக்கு சுக்கு தூக்கலா இருக்கணும்ணே’ என்று சொல்லி, தூக்குவாளியில் வாங்கி வந்தார். யாருடைய நாக்கு எதற்கு ஏங்கும் என்பது அந்த ஆளுக்கு அத்துப்படி.

இப்போது அவருக்கே இலை விரித்திருக்கிறது.

பஞ்சு அக்கா, அதாவது பஞ்சவர்ணம், சமையல்கட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். மாரி அண்ணனுக்குத் தங்கச்சி, எனக்கு அக்கா. விசேஷ வீடுகளில் அதிகாரம் அவள் கையில்தான் இருக்கும்.

“மதினி, அண்ணனுக்குப் பிடிச்சது என்ன செஞ்சிருக்கீக? கொண்டாங்க, நேரமாகுதுல்ல?”

சரோஜா மதினி சமையல்கட்டு வாசலில் நின்றார்.

வித்யா முந்திக்கொண்டாள். “அத்தை, அப்பாவுக்கு ஜிகர்தண்டான்னா உயிரு. நான் வாங்கியாரச் சொல்லிட்டேன்.” சொல்லும்போதே பெரிய டம்ளரில் ஐஸ்கிரீம் மிதக்க வந்துவிட்டது.

“ஜிகர்தண்டாவா?” என்றான் கணேசன். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. மொட்டைத் தலையும் திருநீறுமாக நின்றான். “அப்பாவுக்குக் கறிதோசைதான் பிடிக்கும். நான் டவுன்லருந்து பார்சல் வாங்கிட்டு வந்துட்டேன்.”

“ரெண்டு பேரும் கம்முனு இருங்க. எங்கண்ணனை எனக்குத் தெரியாதா? பால்பன். பால்பன்னுன்னா அவருக்கு அம்புட்டு ஆசை.” பஞ்சு அக்கா கையில், பாகில் போட்ட அந்த இனிப்பு உருண்டைகளோடு, எண்ணெய் ஊறிய ஒரு பொட்டலம். அவளும் ஏற்கனவே வாங்கி வைத்திருந்தாள்.

மூன்று பேரும் மூன்று பண்டங்களை ஏந்திக்கொண்டு நின்றார்கள். யாரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ‘வாரா வாரம் வாங்கிட்டு வருவாருல்ல’ என்றாள் வித்யா. ‘சம்பளம் வாங்குனா மொதல்ல கறிதோசைதான்’ என்றான் கணேசன். ‘எங்க வீட்டுக்கு வந்தா பால்பன் இல்லாம படியேற மாட்டாரு’ என்றாள் பஞ்சு அக்கா.

எனக்கு மெல்ல உறைத்தது. வாங்கி வந்தார், சரி. யாருக்கு?

வித்யா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஜிகர்தண்டா கேட்டு அழுவாள். டவுனிலிருந்து சமயநல்லூர் வருவதற்குள் அது கரைந்து தண்ணீராகிவிடும் என்று, பிளாஸ்க் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆபீஸ் போன மனிதர் மாரி அண்ணன். பஸ்ஸில் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குக் காபி கொண்டுபோகிறார் என்று நினைத்து இடம் கொடுப்பார்களாம். கறிதோசை கணேசனுக்கு. பால்பன் பஞ்சு அக்காவுக்கு. கல்யாணமாகிப் போன தங்கச்சி வீட்டுக்கு வெறும் கையோடு எப்படிப் போவது? மதினிக்கு மல்லிகைப் பூவும் அல்வாவும்.

“ஒரு நிமிசம் இருங்கப்பா” என்றேன். “அவரு இதைச் சாப்பிட்டு யாரு பார்த்திருக்கீங்க?”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வித்யாதான் இழுத்தாள். “இல்ல சித்தப்பா... அவரு கடையிலயே குடிச்சுட்டு வந்துட்டேன்னு சொல்லுவாரு.”

“எங்கிட்டயும் அப்படித்தான்” என்றான் கணேசன். குரல் இறங்கியிருந்தது.

கடையில் நான் அவரோடு நின்றிருக்கிறேன். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் வேலை விஷயமாகப் போகும்போதெல்லாம் சாயங்காலம் அவரைப் பார்ப்பேன். பார்சல் சொல்லுவார். எனக்கு ஒன்று வாங்கிக் கையில் திணிப்பார். ‘நீங்கண்ணே?’ என்றால், ‘நான் வீட்ல போயி பிள்ளைகளோட சாப்பிட்டுக்குறேன்டா’ என்பார். கடையில் கேட்டால் வீட்டில் சாப்பிடுவார். வீட்டில் கேட்டால் கடையில் சாப்பிட்டுவிட்டார். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு டவுன் பஸ். அதில் யாரும் இலை போட்டுப் பரிமாறுவதில்லை.

அப்படியானால் அவருக்கு என்னதான் பிடிக்கும்? யோசித்துப் பார்த்தேன்... எனக்கும் தெரியவில்லை.

துக்கம் கேட்க வந்திருந்த பார்சல் ஆபீஸ்காரர் ஒருவர் பின்னால் நின்றார். மாரி அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலியில் பல வருஷம் வேலை பார்த்தவர். ஆவலோடு திரும்பி, “நீங்க சொல்லுங்கண்ணே, அவரு என்ன விரும்பிச் சாப்பிடுவாரு?” என்றேன்.

மனிதர் நெற்றியைத் தேய்த்தார். “டீ குடிப்பாரு சார்... யாராச்சும் வாங்கிக் குடுத்தா.”

“சர்க்கரை கம்மியா, ஜாஸ்தியா?”

“எப்படிக் குடுத்தாலும் குடிச்சுருவாரு சார். ‘எதுனாலும் சரி’ம்பாரு.”

அவ்வளவுதான். ஒரு மனிதர் இத்தனை வருஷம் இந்த பூமியில் மூன்று வேளையும் சாப்பிட்டு வாழ்ந்திருக்கிறார். அவருக்கு என்ன பிடிக்கும் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

இதோடு நின்றிருந்தால் நான் அழுதுவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். சண்டை வந்திருக்காது. ஆனால் பஞ்சு அக்கா நிறுத்தவில்லை. கையிலிருந்த பால்பன் பொய்யாகிப்போன எரிச்சல் அவளுக்கு. அதை எங்கே இறக்குவது? இறக்குவதற்கு நம் ஊரில் எப்போதும் ஒரு இடம் தயாராக இருக்கிறதே.

“பிள்ளைகளுக்குத் தெரியல சரி. ஏன் மதினி... இத்தனை வருசம் கூட இருந்து குடும்பம் நடத்துனவுக நீங்க. கட்டுன புருசனுக்கு என்ன பிடிக்கும்னு தெரியாதா ஒங்களுக்கு?”

கூட்டத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, தாழ்ந்த குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, “வாய்க்கு ருசியா ஆக்கிப் போட்டிருந்தால்ல தெரியும்” என்றார். இன்னொருவர், “அதான் மனுசன் நெஞ்சுவலியக்கூடச் சொல்லல போல” என்று கூட்டிச் சேர்த்தார்.

கேட்டீர்களா? ஒரே நிமிஷம். ஒரே நிமிஷத்தில் அந்தப் பெண்ணைப் புருஷனுக்குச் சோறு போடாதவள் என்றும், நெஞ்சுவலியை வளர்த்துவிட்டவள் என்றும் ஆக்கிவிட்டார்கள். நாங்கள் சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவோம். அந்தத் தெருவில், அந்தப் பேச்சோடு, இனி மிச்ச நாளைக் கழிக்க வேண்டியவர் சரோஜா மதினி. காலையில் தண்ணீர் பிடிக்கப் போனால் பின்னால் அந்தப் பேச்சு வரும். அது பஞ்சு அக்காவுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும்.

கடைசிவரை பால்பன் வாங்கித் தின்ற தங்கச்சிக்கு அண்ணனின் ருசி தெரியவில்லை. அது தப்பு இல்லையாம். ஜிகர்தண்டா குடித்த மகளுக்கும் கறிதோசை தின்ற மகனுக்கும் தெரியவில்லை. அதுவும் தப்பு இல்லையாம். தெரிந்திருக்க வேண்டியது சமையல்கட்டில் நின்ற ஒருத்திக்கு மட்டும்தானா? என்ன நியாயம் இது?

நான் வாயைத் திறப்பதற்குள் மதினியே பேசினார். அழவில்லை. நான் அவரை இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். உரக்கப் பேசிக் கேட்டதில்லை.

“கேக்காம இருந்தேன்னு நெனைக்கிறியா பஞ்சு? கல்யாணமான மறுநாள்லருந்து கேட்டேன். என்ன வைக்கட்டும்? எதுனாலும் சரி. புளிக்குழம்பா, பருப்பா? எதுனாலும் சரி. கத்திரிக்காயா, வெண்டிக்காயா? ஒனக்கு எது சுளுவோ அதை வையி. பத்துத் தடவ கேட்டா சிரிப்பாரு. ஒங்க அண்ணனுக்கு அந்தச் சிரிப்பு ஒண்ணுதான் தெரியும்.”

மதினி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“ஒருநா எனக்கு வெறுத்துப்போச்சு. இந்த மனுசனுக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா? பார்த்துருவோம்னு உப்பே போடாம குழம்பு வச்சேன். மூணு தடவ வாங்கிச் சாப்பிட்டு, ‘நல்லாருக்கு’ன்னாரு. மறுநா உப்பை அள்ளிப் போட்டு வச்சேன். வாயில வைக்க முடியாது. பிள்ளைக துப்பிருச்சுக. அவரு சோத்தைப் பெசஞ்சு முழுசும் சாப்பிட்டு, ‘நல்லாருக்கு’ன்னாரு. அன்னைக்கு அடுப்படியில உக்காந்து அழுதேன். ஏன்டி அழுகுறன்னு கேட்டாரு. சொன்னேன். என்ன செஞ்சாரு தெரியுமா? மறுநா அல்வா வாங்கிட்டு வாராரு!”

எங்கேயோ ஒருவர் சிரித்துவிட்டு, சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

“நல்ல மனுசன், நல்ல மனுசன்னு பந்தல் முழுக்கப் பேசுறீங்க. நல்லவருதான். இல்லைன்னு நான் சொல்லல. ஆனா ஒண்ணுமே வேணாம்னு சொல்ற ஆளுகூடக் குடும்பம் நடத்துறது எம்புட்டுக் கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும். எல்லாருக்கும் குடுத்தாரு. எங்கிட்ட ஒண்ணு கேக்கல. நான் என்னத்தைக் குடுக்க? நெஞ்சு வலிக்குதுன்னாகூட ஒரு சுடுதண்ணி வச்சுக் குடுத்திருப்பேன்ல...”

அங்கேதான் குரல் உடைந்தது. வித்யா ஓடிப்போய் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். பஞ்சு அக்கா சுவரோரமாக அப்படியே உட்கார்ந்தாள். பால்பன் பொட்டலம் மடியில் கிடந்தது.

அதுவரை ஃப்ளெக்ஸ் மேலும், பந்தல் மேலும், பஞ்சு அக்கா மேலும் இருந்த என் கோபம், அந்த நிமிஷம் நேராகப் படத்துக்குப் போனது. ஆமாம், மாரி அண்ணன் மேல்தான். மாலைக்கு நடுவில் சிரித்துக்கொண்டிருந்தார், தோளில் பேரன் காதோடு.

ஏன் அண்ணே? ‘இன்னைக்கு உப்பு கம்மி’ என்று சொல்வதில் என்ன குறைந்துவிடும்? ‘எனக்கும் ஒரு ஜிகர்தண்டா’ என்றால் வித்யா பட்டினியா கிடந்திருப்பாள்? பிடித்ததைக் கேட்பதும் பாசம்தான் அண்ணே. எனக்கு இது வேண்டும், நீ செய்து கொடு என்று ஒருவர் கேட்டால்தானே, கொடுத்தேன் என்று இன்னொருவர் நிம்மதியாகத் தூங்க முடியும்? அந்த நிம்மதியை மட்டும் நீங்கள் யாருக்கும் வாங்கித் தரவே இல்லை.

“நேரமாகுதப்பா, ஏதாச்சும் வைங்க” என்றார் வாசலில் நின்ற பெரியவர் ஒருவர்.

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பந்திக்குச் சமைத்த சோற்றையும் சாம்பாரையும் கொண்டுவந்து இலையில் பரிமாறினார். ஒரு வடை வைத்தார். பாயசம் ஊற்றினார். பிள்ளைகள் கையில் இருந்ததையும், பஞ்சு அக்கா மடியில் இருந்ததையும் வாங்கி ஓரமாக வைத்தார். எதையும் ஒதுக்கவில்லை. பிறகு மறுபடியும் உள்ளே போய், சமையல்கட்டில் இருக்கிற உப்பு ஜாடியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இலைக்குப் பக்கத்தில் ணங்கென்று வைத்தார்.

“ருசி பார்க்காமத்தான் ஆக்கியிருக்கு. கூடக் குறைய இருந்தா இப்பவாச்சும் வாயத் தொறந்து கேக்கட்டும்.”

சூடம் ஏற்றினார்கள். எல்லோரும் கும்பிட்டார்கள். நான் கும்பிடவில்லை. அந்த ஜாடியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனி வடைக்கு வருகிறேன்.

பந்தி ஆரம்பித்தது. ஆள் குறைவு என்று நானும் பரிமாற இறங்கினேன். என் கையில் வடை வாளி வந்தது. முதல் இலை கணேசனுக்கு. கொள்ளி வைத்த பிள்ளை அல்லவா? குனிந்து உட்கார்ந்திருந்தான். மொட்டை அடித்ததும் அப்படியே மாரி அண்ணன்தான், அதே நெற்றி, அதே காது.

“வடை வைக்கட்டுமாடா?” என்றேன்.

நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். அதே சிரிப்பு.

“எதுனாலும் சரி சித்தப்பா.”

அவ்வளவுதான்... அதற்குப் பிறகு நான் பேசியது எனக்கே சரியாக ஞாபகம் இல்லை. வீட்டம்மா சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

“என்னடா எதுனாலும் சரி? ஒங்கப்பன் சொல்லிட்டுப் போனது பத்தாதா? வேணுமா, வேணாமா? வாயில சொல்லு! ஒண்ணா, ரெண்டா? சொல்றவரைக்கும் இந்தப் பந்தியில ஒருத்தருக்கும் வடை கிடையாது!”

பந்தியே கையை இலையில் வைத்தபடி என்னைப் பார்த்தது. “என்னண்ணே, சாவு வீட்ல...” என்று ஒருவர் வாளியை வாங்க வந்தார். கொடுக்கவில்லை. யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். எனக்கு மயக்கம் வந்துவிட்டதாக நினைத்துவிட்டார்கள் போல. வீட்டம்மா தூரத்திலிருந்து கண்ணாலேயே என்னை எரித்தாள். நான் நகரவில்லை. ஏன் நகர வேண்டும்? அவனுக்கும் பெண்டாட்டி இருக்கிறாள். நாளைக்கு அவள் எந்த அடுப்படியில் உட்கார்ந்து அழுவது?

கணேசன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் மெதுவாக, ஏதோ தப்பு செய்தவன் மாதிரி, சொன்னான்.

“ரெண்டு வேணும் சித்தப்பா...”

“ம். அப்புறம்?”

“நல்லா... மொறுமொறுன்னு இருக்குறதாப் பார்த்து.”

எனக்குப் பின்னால் சேலை உரசும் சத்தம். சமையல்கட்டு வாசலில் நின்ற சரோஜா மதினி வந்து என் கையிலிருந்த வாளியைப் பிடுங்கினார். ஒவ்வொரு வடையாக அழுத்திப் பார்த்தார், நல்ல முறுகலாக இரண்டு பொறுக்கினார், மகன் இலையில் வைத்தார். அந்த வீட்டில் ஒரு ஆண்பிள்ளை அவரிடம் வாய்விட்டு ஒன்றைக் கேட்டு அவர் கொடுத்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது.

ஒருவன் தன் அம்மாவிடம் இரண்டு வடை கேட்பதற்கு, இந்த ஊரில் ஒரு ஆள் சாக வேண்டியிருக்கிறது!